லொறிக்குப் போட்ட அரிசி

பெப்ரவரி 7, வெள்ளி

குழாயில் இன்றும் தண்ணீர் இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே மலைத் தண்ணீர் விழும் பீலிக்குப் போனேன். குவாட்டர்ஸ் ஐயா வாளி தூக்குகிறாரே என்று அங்கே நின்ற பெண்கள் விலகி வழி விட்டார்கள். என் மனைவி றீட்டா இருந்திருந்தால் இந்நேரம் தோட்டத்து மனேஜர் துரையின் பங்களாவுக்கே ஆள் போயிருக்கும். அவளைப் புதைத்த பிறகு குழாய்க்குக்கூட என்னிடம் பயம் விட்டுப்போயிற்று.

வெள்ளிக்கிழமை, அதனால் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் பூசை. தேயிலைத் தூளைச் சாக்கில் கட்டி அடுக்கும் அறை என் பொறுப்பில் வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். கொழும்புக்கு லொறி கிளம்பும் வெள்ளிகளில் சாக்குக் கட்டும் கருப்பம்மா குளித்து, ஈரக் கூந்தலோடு தட்டு ஏந்தி வருவார். சூடம் காட்டிவிட்டு, மஞ்சள் தடவிய அரிசியை அள்ளிச் சாக்குகள் மேல் தூவுவார். அந்த அரிசிக்கென்று வீட்டில் தனி டின் வைத்திருக்கிறார். சாமி டின். தைப்பொங்கலுக்கு நிறைத்தால் அடுத்த பொங்கல் வரை அதுதான். வீட்டில் உலை வைக்க ஒரு பிடி இல்லையென்றாலும் அதில் கை வைக்க மாட்டார்.

பூசை முடிந்ததும் கடலைச் சுண்டல். முதல் கிண்ணம் எனக்கு. றீட்டா இறந்த வருடத்தில் தொடங்கிய வழக்கம்.

"ஐயா, இது ஒங்க சாமிக்குத் தெரிய வேணாம்" என்பார்.

தெரிந்தால் யேசுவும் ஒரு கிண்ணம் கேட்பார் என்று நான் சொல்வேன். வாராவாரம் இதே பகிடி. இருவருக்கும் அலுக்கவில்லை. வாரத்தில் நான் சிரிப்பது அந்த ஒரு தடவைதான் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது.

பெப்ரவரி 19, புதன்

வானொலியில் செய்தி. நம் தேயிலையை அதிகமாக வாங்கும் அந்தக் குளிர் நாடு இறக்குமதியைத் தடை செய்துவிட்டது. துறைமுகத்தில் சாக்கைப் பிரித்தபோது உள்ளே உயிரோடு ஒரு வண்டாம். தேயிலைத் தூளில் வாழ்கிற வண்டு இல்லை, தானியத்தில் வாழ்வதாம். அவர்களுடைய கோதுமை வயலுக்குப் பரவிவிடும் என்று பயம்.

தேயிலை மட்டுமில்லை, இலங்கையிலிருந்து மிளகு, கறுவாப்பட்டை எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு நாட்டையே நிறுத்திவைக்க ஒரு வண்டு போதுமாக இருக்கிறது. நான் முப்பது வருடம் வேலை செய்தும் ஒரு லொறியைக்கூடத் தாமதப்படுத்தியதில்லை.

மார்ச் 3, திங்கள்

ஸ்டோர் இனி வாரத்தில் பாதி நாள்தான் ஓடும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் இன்று பாதிப் பேருக்குத்தான் பேர் கொடுத்தார்கள். மற்றவர்கள் கூடையோடு லயத்து வீடுகளுக்குத் திரும்பினார்கள். மலையில் கொழுந்து முற்றிக்கொண்டிருக்கிறது.

மாலையில் துரை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். வண்டு இருந்த சாக்கில் நம் தோட்டத்து முத்திரை என்றார். வெளியே ஒருவருக்கும் தெரியக்கூடாதாம். அறையைச் சுத்தம் செய், ஒரு மூலை விடாமல் பார் என்றார்.

 

மார்ச் 5, புதன்

யாரையும் உள்ளே விடாமல் நானே செய்தேன். சாக்கு அடுக்கும் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். வாசல் பக்கத்துப் பலகைக்கு அடியில், இடுக்கில் —

மஞ்சள் அரிசி.

வருடக்கணக்காக விழுந்து, அடைந்து கிடக்கிறது. அதில் பாதி உமி மாதிரி ஓட்டையாகிவிட்டது. புழு கழற்றிப்போட்ட, மயிர் முளைத்த சின்னச் சின்னத் தோல்கள். டோர்ச் அடித்ததும் இரண்டு மூன்று பழுப்பு வண்டுகள் இடுக்குக்குள் ஓடின.

எல்லாவற்றையும் கூட்டி அள்ளிவிட்டுத் தரையைக் கழுவினேன்.

மார்ச் 6, வியாழன்

துரையிடம் சொன்னேன். மறைக்க முடியாது, மருந்து அடிக்க வேண்டும். பூசை அரிசி என்றதும் யார் செய்வது என்று கேட்டார். பேர் வேண்டுமாம். பேர் கிடைத்தால் ஆளை நிறுத்தி, நடவடிக்கை எடுத்துவிட்டோம் என்று கம்பனிக்கு எழுதலாமாம்.

எனக்கு முந்தின காலத்துப் பழக்கம், எல்லாரும்தான் செய்வார்கள் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். சரி, இனி உள்ளே பூசை கிடையாது, அரிசிக் கதையும் வெளியே போகக்கூடாது, நீயே சொல்லிவிடு என்றார்.

நானே சொல்ல வேண்டுமாம். காரணம் சொல்லாமல்.

மார்ச் 7, வெள்ளி

கருப்பம்மா தட்டோடு வந்தார். வாசலில் நின்று கையை நீட்டி மறித்தேன். இந்தக் கையால் அவரிடம் எத்தனை கிண்ணம் வாங்கியிருக்கிறேன்.

"உள்ள வேணாம்மா. இனிமே பூசை கெடையாது. புதுச் சட்டம்."

யார் போட்ட சட்டம் என்று கேட்டார். ஒபிஸ் என்றேன். ஏன் என்றார்.  பின்னால் நின்றவர்கள் எல்லாம் என் வாயையே பார்த்தார்கள். அவரும் பார்த்தார்.

"ஒங்க சாமி சொல்லுச்சுங்களா, ஐயா?"

வழக்கமான பகிடிக் குரல் இல்லை. தட்டைத் திருப்பிக்கொண்டு போனார். சூடம் அணைந்து புகை மட்டும் என் முகத்துக்கு வந்தது.

மார்ச் 8, சனி

சொல்லியிருக்கலாமோ?

மார்ச் 23, ஞாயிறு

சொல்லியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தே இரண்டு வாரம் போயிற்று. கருப்பம்மாவை எனக்குத் தெரியும். கேட்ட மறு நிமிடம் லயத்து நடுவில் நின்று, என் அரிசியாலதான் ஒங்க அடுப்பு அணைஞ்சுச்சு என்று தானே சொல்லிவிடுவார். துரை அன்றைக்கே சீட்டுக் கிழித்துவிடுவார். வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் சனம் அவரைச் சும்மா விடுமா? ஆகவே வாயை மூடிக்கொண்டேன். மூடின வாய்க்குப் பலன் வந்துகொண்டிருக்கிறது.

சங்கத் தலைவர் மாரிசாமி நேற்று ஆட்களோடு வந்தார். சாமி கும்பிடாததால்தான் தடை நீங்கவில்லை என்று ஒரே பேச்சாம். தடைக்குப் பிறகுதானே பூசை நின்றது என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். போகும்போது வேதக்காரருக்கு இதெல்லாம் எங்கே விளங்கும் என்று என் காது கேட்கவே சொன்னார். முப்பது வருடமாக நான் ஐயா. இரண்டு வாரத்தில் வேதக்காரர்.

இன்று ஞாயிறு பூசைக்குப் பதுளை மாதா கோயிலுக்குப் போனேன். பாதரிடமும் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர்தான், ஆனால் நல்ல மனிதர்களுக்குத்தான் வாய் நிற்காது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை வருடப்பிறப்பு. லயத்திலிருந்து பலகாரத் தட்டு வராத முதல் வருடம். றீட்டா இந்தத் தட்டுகளை மேசையில் வரிசையாக வைத்து, முறுக்கு யாருடையது, பயத்தம் உருண்டை யாருடையது என்று மோந்தே சொல்வாள்.

கேஷானி கொழும்பிலிருந்து போன் பண்ணினாள். சாப்பிட்டீங்களாப்பா, என்ன பலகாரம் வந்தது என்று கேட்டாள். நிறைய என்றேன். மகளிடம் பொய் சொல்ல நன்றாகப் பழகிவிட்டது. பாணும் பருப்பும் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

இன்று பொதி கட்டும் அறையில் கருப்பம்மா சாக்கு தைக்கும் ஊசியைக் கேட்டார். என்னிடம் இல்லை, பக்கத்தில் நின்ற பெண்ணிடம். என் மேசையில் கண் முன்னாலேயே ஊசி இருந்தது.

மே 9, வெள்ளி

பிரஷர் மருந்துக்குப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் ரயில் நிலையப் பக்கம் நடந்தேன். மேடையில் கருப்பம்மா. பக்கத்தில் மகள் துஷாந்தினி, புது சல்வார், புதுப் பெட்டி. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள் என்று ஸ்டோரில் பேசிக்கொண்டது உண்மைதான். அவளுக்கு மலையில் வேலைக்குப் பேர் கிடைக்காமல் ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. புருஷன் இல்லை. குழந்தையைக் கருப்பம்மாவிடம் விட்டுவிட்டுப் போகிறாள்.

நான் கடலை விற்கிறவன் பின்னால் மறைந்து நின்றேன். என் வயதுக்கு இது தேவையா?  ரயில் நகர்ந்ததும் கருப்பம்மா கூடவே கொஞ்சத் தூரம் நடந்தார். பிறகு மேடை முடிந்துவிட்டது. திரும்பும்போது என்னைப் பார்த்துவிட்டார். அழுத முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஆளைக் கடப்பது போல் கடந்து போனார்.

இனி எப்படிச் சொல்வது? ஒன் கையால தூவுன அரிசிதான் ஒன் மகள ரயில் ஏத்துச்சு என்று? இதைச் சொல்ல எனக்கு நாக்கு இருக்கா? இல்ல. இருக்கவும் வேணாம். நான் வேதக்காரனாவே இருந்துட்டுப் போறேன்.

மே 30, வெள்ளி

நாலு நாளாக ஒருவரோடும் வேலைப் பேச்சுத் தவிர வேறு பேசவில்லை. இன்று கண்ணாடியைப் பார்த்துக் காலை வணக்கம் சொல்லிப் பார்த்தேன். குரல் கரகரத்தது.

ஜூன் 12, வியாழன்

வந்தார்கள். வாங்குகிற நாட்டு ஆட்கள் இரண்டு பேர், கொழும்பு அதிகாரிகள் மூன்று பேர். வெள்ளை அங்கி, தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை. பலகை எல்லாம் மாற்றி இரும்புத் தட்டு போட்டாயிற்று, இடுக்கெல்லாம் சீமெந்து அடைத்தாயிற்று. டோர்ச் அடித்துப் பார்த்தார்கள். ஒரு வெள்ளைக்காரர் தரையில் படுத்தேவிட்டார்.  எழுந்து அங்கியைத் தட்டிக்கொண்டு எனக்குக் கை கொடுத்தார். இந்த மாதத்தில் என்னைத் தொட்ட முதல் மனிதர் அவர்தான்.

போகும்போது ஒரு பெரிய படத்தைக் கொடுத்து, வாசலில் ஒட்டச் சொன்னார்கள். அந்த வண்டு, விரல் நீளத்துக்கு. அது உட்கார்ந்திருப்பது அரிசிக் குவியலில். உள்பக்கம் ஒட்டட்டுமா என்று கேட்டேன். வாசலில்தான் ஒட்டவேண்டுமாம், எல்லாரும் பார்க்கும் இடத்தில்.

ஒட்டினேன். வேலை விட்டுப் போகிறவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். கருப்பம்மா மட்டும் போகவில்லை. தலையில் கட்டிய துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தப் படத்தின் முன்னால் நின்றார்.

ஜூன் 13, வெள்ளி

மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவையாகக் கருப்பம்மா என்னிடம் வந்து பேசினார்.

"இது அரிசியில வர்ற பூச்சிங்களா, ஐயா?"

கோதுமையிலும் வரும், பயறிலும் வரும் என்றேன். நம் ஸ்டோருக்கு எப்படி வந்தது என்று கேட்டார். கொழும்புத் துறைமுகத்தில் ஏறியிருக்கும், அங்கே எல்லாச் சாமானும் கிடக்கும் என்றேன். தலையாட்டினார். போகவில்லை.

"நீங்க பலகையத் தூக்கிக் கழுவுன அன்னைக்கு யாரையும் உள்ள விடலியேங்க. அந்த வெள்ளிக்கெழமதான் என்னைய மறிச்சீங்க."

தூசி அதிகம், எல்லாருக்கும் இருமல் வரும் என்று விடவில்லை என்றேன். வேறு என்ன சொல்வேன்? அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை மேசையில் கிடந்த ஊசியை உருட்டிக்கொண்டிருந்தது. சரிங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நம்பியிருப்பார். நம்பட்டும், மாதாவே.

ஜூலை 8, செவ்வாய்

தடை நீங்கிவிட்டது.

வானொலியில் சொல்லி முடிப்பதற்குள் லயத்துப் பக்கம் வெடி. நாளையிலிருந்து எல்லாருக்கும் பேர். வெள்ளிக்கிழமை முதல் லொறி. இந்தத் தடவை இன்னும் அதிகமாகக் கேட்கிறார்களாம், தூளோடு மிளகும் சேர்த்து. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது, எங்கள் ஊவாத் தூளுக்கு மணம் ஏறும் காலம் இதுதான். துரை சிரித்த முகத்தோடு ஸ்டோருக்கு வந்து எல்லார் கையிலும் கேக் துண்டு கொடுத்தார். எனக்கு இரண்டு துண்டு.

ஒன்றை யாருக்காவது கொடுக்கலாம் என்று பார்த்தேன். பிறகு இரண்டையும் நானே சாப்பிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி



லொறியில் ஏற்றி முடிந்தது. மாரிசாமி துரையிடம் போய், கேட்டுக்கு வெளியே ரோட்டில் வைத்தாவது சூடம் காட்ட வேண்டும் என்று கேட்டார். அரிசி வேண்டாம், சூடமும் தேங்காயும் மட்டும் என்று துரை ஒத்துக்கொண்டார். லயமே திரண்டு ரோட்டுக்கு வந்துவிட்டது. கருப்பம்மாதான் காட்ட வேண்டும் என்று எல்லாரும் கூப்பிட்டார்கள்.

வந்தார். ஆனால் தட்டு இல்லை. லொறிக்கு எட்டத்திலேயே, ரோட்டு வளைவில் நின்றுகொண்டார். கையில் பொலித்தீன் பையில் இறுக்கி முடிந்த ஒரு டின். சாமி டின். அதைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"இதுல பூச்சி ஊருதுங்க. படத்துல இருக்கிற அதே பூச்சி. இந்த அரிசியத்தான் நான் சாக்குல தூவுனேன். ஐயாவுக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏம்பேரச் சொல்லல. நீங்கள்லாம் அவர ஏசுனீங்க. நானும் ஏசுனேன்."

 லொறியின் எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. துரை காதில் விழாதது போல லொறி டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தடை நீங்கி முதல் லொறி போகிற நாளில் அவருக்கு வேறு எதுவும் கேட்க விருப்பமில்லை. அதற்காக இன்று இரவு ஜெபத்தில் அவரையும் சேர்த்துக்கொண்டேன்.

கருப்பம்மா டின்னை ரோட்டில் வைத்தார். கொண்டுவந்திருந்த மண்ணெண்ணெயை ஊற்றினார். மூடிமேல் சூடக் கட்டியை வைத்து ஏற்றி, லொறியைப் பார்த்துக் கும்பிட்டார். டின் கறுத்து, உள்ளே அரிசி வெடிக்கிற சத்தம் கேட்டது. அதைச் சுற்றிக்கொண்டு லொறி இறங்கிப் போயிற்று. யாரும் கை தட்டவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

நேற்றிலிருந்து ஆள் வந்தபடி இருக்கிறது. மாரிசாமி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, ஐயா மனசுல வச்சுக்கிறாதீங்க என்றார். பீலியில் மறுபடி வழி விடுகிறார்கள். குழாயைத் திருத்தக்கூட ஒருவன் வந்துவிட்டான்.

வாங்குகிற ஒவ்வொரு வணக்கமும் கசக்கிறது. இதே வாய்கள் இப்போது கருப்பம்மா பேரை எப்படிச் சொல்கின்றன என்று காதில் விழுகிறது. மகன் கொழும்புக்குக் கூலிக்குப் போனது, சங்கிலியை அடகு வைத்தது, பள்ளிக்கூடம் நின்றது, எல்லாம் அந்தப் பொம்பள அரிசியால. ஒருத்தி, மகளையே தின்னுட்டா என்றாள். நான் அவளை ஏசிவிட்டேன். வாயில் வந்ததெல்லாம் ஏசினேன். ஏசி என்ன? அவளும் மகனை அனுப்பினவள்தான்.

இது நடக்கக் கூடாதென்றுதான் நான் மூடி வைத்தேன். கடைசியில் அது நடந்தேவிட்டது.

ஜூலை 16, புதன்

பொதி கட்டும் அறையில் இன்று கருப்பம்மா பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. சாக்கின் மறு நுனியைப் பிடிக்க ஆள் இல்லை. நான் போய்ப் பிடித்தேன். விடுங்க ஐயா, பார்க்கிறாங்க என்றார். பார்க்கட்டும் என்றேன்.

ஜூலை 18, வெள்ளி

காலையில் எழுந்து கடலை வைத்தேன். வாழ்நாளில் முதல் தடவை. றீட்டாவின் பழைய பானையைத் தேடி எடுத்தேன். எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்று கேஷானிக்குப் போன் பண்ணினேன், எடுக்கவில்லை. தாளிக்கும்போது கடுகு முகத்தில் தெறித்தது.

பகல் மணி அடித்ததும் கிண்ணத்தோடு பின்பக்கச் சாப்பாட்டுக் கொட்டகைக்குப் போனேன். எல்லாரும் ஒரு பெஞ்சில். எதிர்ப் பெஞ்சில் கருப்பம்மா தனியாக, சோத்துப் பார்சலைப் பிரிக்காமல். எனக்கு இடம் விட்டு இந்தப் பக்கம் நாலு பேர் நகர்ந்தார்கள். நான் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். அவர் பார்சலைப் பிரித்ததும் முதல் கரண்டியை அதில் போட்டேன்.

துஷாந்தினி பேசினாளா என்று கேட்டேன். பேசினாளாம். தடை நீங்கியதைக் கேட்டு, அம்மா நான் வந்துரவா என்றாளாம். ஒப்பந்தம் முடியாமல் பாஸ்போட்டைக் கொடுக்க மாட்டார்கள். இங்க எல்லாம் நல்லா இருக்கு, நீ பாத்து இரு என்று சொன்னாராம்.  

பிறகு இரண்டு கடலையை எடுத்து வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"ஐயா, இது ஒங்க சாமிக்குத் தெரிய வேணாம்."

"ஏம்மா?"

"வேகவே இல்லீங்க. மொத நாளே ஊறப் போடணும்."

ஊறப் போட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. ஆனாலும் கிண்ணத்தில் இருந்ததை இரண்டு பேரும் மென்று முடித்தோம். மறுபடி வேலைக்கு மணி அடித்த பிறகும் அதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.